‘இது பரம்பரையா?’ என்று கேட்கும் அம்மாக்களுக்காக: லூபஸ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் உடலையே தாக்கும் நோய் லூபஸ். எனக்கு அது என்று உறுதியான அன்று அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இது பரம்பரையா வர்றதா டாக்டர்?” “மரபணுவும் ஒரு காரணம்தான்” என்று பதில் வந்தது. அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொன்னதில் தவறே இல்லை. ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தன்னால்தான் மகளுக்கு இப்படி ஆனது என்று அம்மா இன்றும் மருகுகிறார்.

அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றுதான். அப்படியிருந்தும், 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவருக்கு லூபஸ் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 24 சதவீத ஜோடிகளில் மட்டுமே. மற்ற இரட்டையரில் 2 சதவீதம். மரபணுவுக்குப் பங்கு உண்டு, ஆனால் அதுவே தலையெழுத்து அல்ல என்பதை இதைவிட எளிதாக எப்படிச் சொல்வது? எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

லூபஸோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 100-க்கும் மேல். எச்எல்ஏ, ஐஆர்எஃப்5, ஸ்டாட்4 என்று நீளும் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகின்றன. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிடமும் அவை இருக்கின்றன. அம்மாவிடமிருந்து சில, அப்பாவிடமிருந்து சில. அப்புறம் வெயில், புகை, வைரஸ் தொற்று என்று வெளியிலிருந்து வருபவை வேறு. இதில் யாரைக் குற்றம் சொல்வது?

நோய் எதிர்ப்புக்கு உதவும் சி1க்யூ என்ற புரதம் அறவே இல்லாமல் பிறப்பது, 2022-இல் ஒரு ஸ்பானியச் சிறுமியிடம் கண்டறியப்பட்ட டிஎல்ஆர்7 என்ற மரபணுவின் மாற்றம் போன்ற ஒற்றை மரபணுக் காரணங்களும் உண்டுதான். அவை மிக அரிது. சின்ன வயதிலேயே நோய் தொடங்கியிருந்தால் அதைத் தேடிப் பாருங்கள். மற்றவர்களை அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அதற்கு ஒரு காரணம், பொதுவாகப் பெண்களுக்கு இரண்டும் ஆண்களுக்கு ஒன்றுமாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். கூடுதலாக ஓர் எக்ஸோடு பிறந்த ஆண்களுக்கு மற்ற ஆண்களைவிட லூபஸ் ஆபத்து ஏறத்தாழ 14 மடங்கு. பெண்ணின் மனக்கவலைதான் நோயைக் கொண்டுவந்தது என்று உறவினர்கள் சொல்லும்போது, பதில் சொல்ல எங்களுக்கு இது வேண்டும்.

என் தங்கை இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். தனக்கும் வருமா, பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்று கேட்க உங்களில் ஒருவரிடம் அடுத்த மாதம் வருவாள். அம்மாவும் கூட வருவார்.

இப்படிக்கு,
லூபஸோடு வாழும் ஒரு மகள்