சாட் பிளகினை ஓட வச்ச ஆளுகளுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். கோடு எழுதுற விஎஸ் கோட் எடிட்டர் உள்ளேயே இருந்துகிட்டு, கேட்டதுக்கு பதில் எழுதித் தர்ற ஏஐ லாங்குவேஜ் மாடல் கூட சாட் பண்ண ஒரு எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோட சேத்துக்கிற பிளகின்) எழுதிட்டிருக்கேன்னு சொல்லிட்டே திரிஞ்சேன்லா, அது ஒருவழியா வெளிய வந்தாச்சு. அதுல என் பேரு இருந்தாலும் பாதி வேலை மத்தவங்க பாத்தது, அதச் சொல்லாம விட்டா சரிப்படாது.

முதல்ல தக்கலை அண்ணன். தமிழ்ல கேட்டா பதில் வரும்போது நடுநடுவே கருப்பு டைமண்டுக்குள்ள ஒரு கேள்விக்குறி வந்து நிக்கும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல, இங்கிலீஷ்ல கேட்டா ஒரு குறையும் இல்ல. நாங்க எல்லாரும் ஃபான்ட்டப் போட்டு திட்டிட்டிருந்தோம். அண்ணன் ஸ்கிரீன்ஷாட்டப் பாத்த உடனே "ஃபான்ட்ட விடுடே, பைட்ட எண்ணிப் பாரு"ன்னாவ. எழுத்த கம்ப்யூட்டர் பைட்டா, அதாவது சின்னச் சின்ன நம்பரா, சேத்து வைக்கிற முறை யூடிஎஃப்-8. அதுல தமிழ் எழுத்துக்கும் 3 பைட், மேல போடுற புள்ளி, கால், கொம்பு ஒவ்வொண்ணுக்கும் தனியா 3 பைட். நாகர்கோவில்னு எழுதினா நமக்கு 6 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 33 பைட். பதில் ஸ்ட்ரீமிங்ல துண்டு துண்டா வருது, அந்த 33ல எந்த இடத்துலயும் வெட்டு விழலாம், நம்ம கோடு துண்டு ஒவ்வொண்ணையும் தனித்தனியா ஸ்ட்ரிங்கா, அதாவது நாம படிக்கிற எழுத்தா, மாத்தினா வெட்டுப்பட்ட எழுத்து போச்சு. இங்கிலீஷ் எழுத்து ஒரே பைட், அத எங்க போட்டு வெட்ட! பைட்ட எழுத்தா மாத்துற டெக்ஸ்ட்டிகோடர்ல ஸ்ட்ரீம் ட்ரூன்னு குடுத்தா அரைகுறை பைட்ட பிடிச்சு வச்சிருந்து அடுத்த துண்டு வந்ததும் சேத்துத் தரும். இத அண்ணன் போன்லயே பைய பைய சொல்லித் தந்தாவ, ஒரு சலிப்பு கிடையாது.

மார்த்தாண்டத்துல கம்ப்யூட்டர் டீச்சரா இருக்க அக்காவுக்கு அடுத்த நன்றி. "ஒரு கேள்விக்கு எதுக்குப்பா ஃபைல் முழுசையும் அனுப்புற, காசு யாரு குடுப்பா?"ன்னு கேட்டது அவங்கதான். ஒரே விஷயத்த தமிழ்ல எழுதினா இங்கிலீஷ விட டோக்கன் (மாடல் எழுத்த வெட்டி எண்ணுற துண்டு, காசும் அந்தக் கணக்குலதான்) கூடுதலா தின்னும், அதனால இப்ப செலக்ட் பண்ணின வரிகள் மட்டும்தான் போகும். ஏபிஐ கீய (மாடல் சர்வீஸ்ல நுழையுற நம்ம ரகசிய சாவி) செட்டிங்ஸ் ஃபைல்ல வைக்காம, விஎஸ் கோட் ரகசியங்களுக்குன்னு தனியா தர்ற சீக்ரெட் ஸ்டோரேஜ்ல வைக்கணும்னு பிடிவாதமா நின்னதும் அவங்கதான், செட்டிங்ஸ் சிங்க் ஆகி வேற மெஷினுக்கும் போயிரும்லா.

அப்புறம் நம்ம குளச்சல் தம்பி. ஐப்பசி மழையில நெட் போனா சாட்டும் போச்சான்னு கேட்டு என்னைய, நெட் இல்லாம நம்ம மெஷின்லயே மாடல ஓட்டுற ஒல்லாமா பக்கம் தள்ளி விட்டவன். அவன்கிட்ட இருக்கது 8 ஜிபி ராம் லேப்டாப், அதுல ஒரு குட்டி மாடல இறக்கி 11434 போர்ட்ல (ஒல்லாமாவோட வாசல் நம்பர்) ஓட விட்டா ஃபேன் வள்ளத்து எஞ்சின் கணக்கா சத்தம் போடும், மாடலும் பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. ஸ்டாப் பட்டன் வந்தது அவன் தொல்லை தாங்காமத்தான், உள்ள, ஓடுற வேலைய பாதியில நிறுத்துற ஒரு அபார்ட் கன்ட்ரோலர், அவ்வளவுதான். ஆனா இப்ப எல்லாரும் அதிகமா அமுக்குற பட்டன் அதுதான் போல!

தம்பி, மாடல் மாடலா டவுன்லோட் பண்ணி உன் டேட்டா பேக் காலியாச்சுன்னு உங்கம்மா சொன்னாவ. ஜிபேல போட்டிருக்கேன், திருப்பி அனுப்பினேன்னா, அடுத்த பீட்டா (சோதனைப் பதிப்பு) உனக்குக் கிடையாது கேட்டியா.