செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

கற்றல் குறைபாடுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக நமது சங்கம் இவ்வாண்டு ஆற்றிய பணியில் பெரும்பகுதி, தேர்வுச் சலுகைகளைப் பயன்படுத்த அவர்களைப் பழக்குவதிலேயே சென்றது. கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கிடைத்துவிட்டால் போதும் என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். ஒளிச்சேர்க்கையைப் பற்றிக் கேட்டால் தங்குதடையின்றி விளக்கும் பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர், பயிற்சித் தேர்வில் எழுதுபவர் பேனாவுடன் எதிரில் அமர்ந்ததும் இரண்டு வாக்கியங்களோடு நின்றுவிட்டார். எழுதுபவர் எழுதி முடிக்கக் காத்திருந்ததில் அடுத்துச் சொல்ல வேண்டியது மறந்துபோயிற்று என்றார். அன்று முதல் வாரந்தோறும் இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்தினோம். விடைக்கான குறிப்புகளை முதலில் சிறு படங்களாக வரைந்துகொள்வது, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வது, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்துவது ஆகியவற்றைப் பழகிய அம்மாணவர், ஆண்டிறுதியில் அதே வினாவுக்கு ஒரு பக்க விடையை நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

1896இல் பிரிட்டிஷ் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிய கட்டுரையில், பாடமெல்லாம் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதைப் பதிவு செய்திருக்கிறார். நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசிரியரின் நினைவே வருகிறது.

டிஸ்கால்குலியா, அதாவது எண்களையும் கணக்கையும் கற்பதில் குறைபாடு, உள்ள மாணவர்களுக்குக் கணக்கின் படிநிலைகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதித் தந்தோம். வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வற்புறுத்தவில்லை.

ஒரு தவற்றையும் வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். தொடக்கத்தில் மாணவர்களை வகுப்பறை வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்துச் சென்றோம். சக மாணவர்களின் பார்வை தம்மீது விழுவதைத் தாங்காமல் இருவர் வருவதையே நிறுத்திவிட்டனர். எட்டு வயதில் உதவியைத் தயங்காமல் ஏற்கும் பிள்ளை, பதினைந்து வயதில் அதை மறைக்கவே விரும்பும் என்பதை நாங்கள் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். இப்போது வகுப்பு நேரத்தை மாணவர்களே முடிவு செய்கிறார்கள். நின்றவர்களில் ஒருவர் திரும்ப வந்துவிட்டார், மற்றவரின் பெற்றோருடன் தொடர்ந்து பேசி வருகிறோம்.

வரும் ஆண்டில் அறிவியல், வரலாற்றுப் பாடங்களை ஒலிப்பதிவு செய்யத் திட்டமிட்டுள்ளோம். நிதானமாகவும் திருத்தமாகவும் வாசிக்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் தருமாறு வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் அடுத்துச் சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்