டயருக்குள் சார்லஸ் விதி செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடையில் டயர் ஏன் வெடிக்கிறது என்று போன வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். சூட்டில் காற்று விரியும், அதுதான் சார்லஸ் விதி, ஆகவே வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து அடியுங்கள் என்று அதில் இருந்தது. தருமபுரியில் நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருப்பவன் நான். அந்த யோசனையைக் கேட்டு நடந்தால்தான் டயர் வெடிக்கும்.

சார்லஸ் விதிப்படி, அழுத்தம் மாறாமல் இருந்தால் மட்டுமே வாயுவின் கன அளவு தனிவெப்பநிலைக்கு (செல்சியஸ் டிகிரியோடு 273-ஐக் கூட்டினால் வருவது) நேர்விகிதத்தில் கூடும். பத்தாம் வகுப்புப் பாடம்தான் இது. ஜாக் சார்லஸ் 1787 வாக்கில் கண்டறிந்து அச்சேற்றாமல் விட்டதை, 1802-ல் கே-லுசாக் அவர் பெயரைச் சொல்லியே வெளியிட்டார். காலி பாட்டிலின் வாயில் பலூனை மாட்டி வெந்நீரில் வையுங்கள், பலூன் எழுந்து நிற்கும். அங்கே காற்று விரிய இடம் இருக்கிறது. லாரி டயருக்குள் எஃகுக் கம்பி பின்னியிருக்கிறது, அது அவ்வளவாக இடம் கொடுக்காது. அதனால் கூடுவது அழுத்தம்தான்.

எவ்வளவு கூடும்? காலையில் 27 டிகிரியில் கேஜ் 110 பவுண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேஜ் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காது. அந்த 15-ஐயும் கூட்டினால் 125. ஓடி ஓடி டயர் 57 டிகிரிக்குச் சூடானால், தனிவெப்பநிலை 300-லிருந்து 330 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு ஏற்றம், அவ்வளவுதான். கேஜில் 122 சொச்சம் காட்டும். ஆறிய டயருக்கு இவ்வளவு என்று கம்பெனி எழுதித் தருவதே இந்த ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

பெங்களூரு பக்கமிருந்து வரும் வண்டி கிருஷ்ணகிரி தாண்டி, உச்சிவெயிலில் என் கடையில் நிற்கும். கேஜைப் பார்த்ததும் டிரைவர், "அண்ணே, பன்னெண்டு பவுண்டு இறக்கி விடுங்க" என்பார். இறக்கினால், டயர் ஆறியதும் 100 கூட இருக்காது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடக்கில்தான் சூடு அளவுக்கு மீறி ஏறி, ரப்பர் கம்பியை விட்டுப் பிரிகிறது. அப்புறம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடும் ரிம் வழியாகச் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். வெடித்து வரும் டயர்களில் பக்கச்சுவரின் உட்புறம் கருகி உதிர்வதை நான் பார்க்கிறேன். காற்று கூடியதால் அது நடப்பதில்லை.

நைட்ரஜன் அடித்தால் சூட்டில் அழுத்தம் ஏறாது என்ற வரியையும் திருத்துங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்; தனி நைட்ரஜனும் அதே கணக்கில்தான் ஏறும். ஈரம் இல்லாமல் வருவதும் மெதுவாகக் கசிவதும் அதன் நன்மைகள். அதற்காக அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

— டயர் கடைக்காரர், தருமபுரி