‘கொலாப்ஸ்’ என்று எழுதியது என் தவறு

அன்புள்ள கதிரேசனுக்கு,

ஏழு மாதமாகப் பதில் எழுதாதவன் இப்போது எழுதுகிறான் என்றால் ஏதோ காரியம் இருக்கும் என்று நீ ஊகித்திருப்பாய். உன் ஊகம் சரிதான். வீட்டில் அனைவரும் நலம். உன் மூட்டுவலிக்கு அந்தத் தைலம் கேட்டதா என்பதை மறக்காமல் எழுது.

ஐப்பசி அடைமழையின் நான்காம் நாள் இரவு எங்கள் கொல்லைப்புறச் சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சுவர் குப்புறக் கவிழவும் இல்லை, மல்லாந்து சாயவும் இல்லை. அடி வழுக்கி, நின்ற இடத்திலேயே கால் மடங்கி உட்கார்ந்ததுபோல் குவிந்து கிடந்தது. ஊறிய செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தேன், தேநீரில் நனைத்த ரஸ்க்கைப் போலப் பாதி என் கையிலும் பாதி தரையிலுமாகப் பிரிந்தது.

காப்பீட்டுப் படிவத்தில் சேதத்தின் காரணத்தைக் கேட்டிருந்த கட்டத்தில், நீ பொறாமைப்பட்ட அதே கையெழுத்தில், ‘சடன் கொலாப்ஸ்’, அதாவது திடீர்ச் சரிவு, என்று எழுதிக் கொடுத்தேன். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயராக வந்தவருக்கு என் இளைய மகன் வயதுதான் இருக்கும். அவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, “கொலாப்ஸ் ஆனது தெரிகிறது சார், எதனால் ஆனது?” என்று பணிவாகக் கேட்டார். பத்திரத்தை விரித்து, இழப்பீடு தரத்தக்க ஆபத்துகளின் பட்டியலையும் காட்டினார். தீ, மின்னல், வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலம் அமிழ்தல், நிலச்சரிவு எல்லாம் அதில் இருந்தன. ஏவுகணைச் சோதனைகூட இருந்தது. எங்கள் கொல்லைக்கு ஏவுகணை வரக்கூடும் என்று முன்யோசனை செய்தவர்கள், சுவர் தானாக விழும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி என்பதும் அன்றிரவே புரிந்தது.

நீ இரவல் கொடுத்து, நான் முப்பது ஆண்டுகளாகத் திருப்பித் தராத அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (கேட்காதே, தரமாட்டேன்.) கொலாப்ஸ் என்பதற்கு லத்தீன் மூலத்தில் ‘சேர்ந்து வழுக்குதல்’ என்று பொருளாம். என் சுவர் செய்தது அட்சரம் பிசகாமல் அதுதான். ஆனால் அந்தச் சொல்லில் வழுக்கியவர்தான் இருக்கிறார், வழுக்கவிட்டவர் இல்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோதும் ஆங்கிலச் செய்திகள் ‘கட்டடம் கொலாப்ஸ் ஆனது’ என்றே தொடங்கின. கட்டடமே ஏதோ முடிவெடுத்து விழுந்ததைப் போல. நாமும் ‘இடிந்து விழுந்தது’ என்கிறோம், மறுக்கவில்லை; ஆனால் நமக்கு ‘இடித்தான்’ என்பது பக்கத்திலேயே நிற்கிறது, ஓரெழுத்து மாறினால் ஆள் வந்துவிடுவான்.

அழிவைச் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களையும் பார்த்தேன். டிசாஸ்டர் என்ற சொல்லுக்குள் நட்சத்திரம் இருக்கிறது. கெட்ட கிரகத்தின் வேலை என்று பழியை வானத்தின்மேல் போட்ட சொல் அது. நம் கருணாகர ஜோசியர் வெள்ளைக்காரர்களுக்கும் ஜாதகம் கணித்திருப்பார் போலிருக்கிறது. கட்டாஸ்ட்ரஃபி கிரேக்க நாடக மேடையிலிருந்து வந்தது. கதை தலைகீழாகத் திரும்பி முடியும் கட்டத்துக்கு அந்தப் பெயர். டெபாக்கிள் என்பது பிரெஞ்சில், உறைந்த ஆற்றின் பனிப்பாளம் உடைந்து வெள்ளமாகப் புரள்வது. இன்று அது எந்தத் தேர்தல் தோல்விக்கும் தலைப்பாகக் கிடைக்கிறது. ஹாவக் என்பது, படைவீரர்கள் கொள்ளையடிக்கலாம் என்று கொடுக்கும் கூச்சல். 1385இல் இரண்டாம் ரிச்சர்டின் போர் விதிகளில், அனுமதியின்றி அப்படிக் கூவியவனின் தலை போகும். இப்போது தெரு நாய்கள் நான்கு சேர்ந்து குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாலும் ஹாவக்தான்.

பெருமளவில் அழிப்பதை இப்போது டெசிமேட் என்கிறார்களே, அதற்கு ரோமானியத் தண்டனையைச் சொல்லி, பத்தில் ஒருவனைக் கொன்றால் மட்டுமே அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று நீ வகுப்பில் அடம்பிடித்ததை நான் மறக்கவில்லை. அதில் நான் இன்றும் உன் கட்சி இல்லை. சொல் வளர்ந்துவிட்டது, விடு. ஆனால் இம்ப்ளோஷன் விஷயத்தில் உன் கட்சிதான். 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கியில் ஐந்து பேர் இறந்தபோது, நான் படித்த தமிழ்ச் செய்தி ‘வெடித்துச் சிதறியது’ என்றது. அது வெளியே வெடிக்கவில்லை, கடலின் அழுத்தம் தாங்காமல் உள்ளே நொறுங்கியது. நம் ஊரில் வெறும் அப்பளத்தைக் கையில் அமுக்கியவருக்குக்கூட அந்த வேறுபாடு தெரியும்.

சரிவைச் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியா 36 ஓட்டத்தில் சுருண்டதே, அதை ஆங்கிலத்தில் கொலாப்ஸ் என்றார்கள். நாம் ‘சீட்டுக்கட்டாய்ச் சரிந்தது’ என்றோம். எது கண்ணுக்குத் தெரிகிறது, நீயே சொல்.

இவ்வளவும் சிரித்துக்கொண்டுதான் எழுத நினைத்தேன். ஆனால் போன வியாழக்கிழமை விடியற்காலையில் நம் அந்தோணியின் மகனிடமிருந்து கைப்பேசியில் ஒரு வரி வந்தது: ‘அப்பா கொலாப்ஸ்ட்.’ அவ்வளவுதான். திருப்பி அழைத்தால் எடுக்கவில்லை. ‘மயங்கி விழுந்தார்’ என்றிருந்தால் தண்ணீர் தெளித்து எழுப்பலாம் என்று மனம் நம்பியிருக்கும். ‘சாய்ந்துவிட்டார்’ என்றிருந்தால் மாலைக்குச் சொல்லியிருப்பேன். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பல்லும் துலக்காமல் முக்கால் மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பையன் அழைத்தான். அந்தோணிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டதாம், மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து வீடு திரும்பிவிட்டான். நானும் சர்வேயரைப் போல முதலில் கேட்டது “எதனால்?” என்றுதான். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டானாம். நீ அவனை அழைத்து இரண்டு திட்டுத் திட்டு. என் திட்டு அவனுக்குப் பழகிவிட்டது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நான்கு நாள் மழையில் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும், அஸ்திவார மண் கரைந்ததையும், அதன் பிறகே சுவர் விழுந்ததையும், அந்த வரிசையிலேயே, உன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பு. கொலாப்ஸ் என்ற சொல் எங்கும் வரக்கூடாது. விரைவாக அனுப்பு, அடுத்த வீட்டு ஆடுகள் இப்போது வழி கேட்காமலே வந்து கீரைப்பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகின்றன.

அன்புடன்,
ராமநாதன்