டின்னைத் திருப்பிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டீசல் வேன், லாரி சர்வீசுக்குப் போனால் "ஃபுல்லி சிந்தெட்டிக் (முழுக்கச் செயற்கை) இஞ்சின் எண்ணெய் ஊற்றிவிடலாமா?" என்று பட்டறையில் கேட்கிறார்கள். தலையாட்டுமுன் எண்ணெய் டின்னைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படிப்பது நல்லது.

சிங்கப்பூரில் 2018 முதல் புதிய டீசல் வாகனங்களுக்கு யூரோ 6 புகைக் கட்டுப்பாட்டுத் தரம். அதனால் அநேகமாக எல்லாவற்றிலும் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் 'டிபிஎஃப்' என்னும் வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி சுமார் 600 டிகிரி சூட்டில் எரிந்துபோகும். ஆனால் இஞ்சின் எண்ணெயில் கலந்துள்ள கால்சியம், துத்தநாகச் சேர்மங்கள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கி வடிகட்டியை அடைத்துவிடும். சிந்தெட்டிக் எண்ணெயிலும் சாம்பல் மிகுந்தவை உண்டு. ஜப்பானியச் சிறு வேன்கள் பலவற்றுக்கு வேண்டியது 'ஜாசோ' என்னும் ஜப்பானிய எண்ணெய்த் தரத்தில் டிஎல்-1. அதில் சாம்பல் அதிகபட்சம் 0.6 விழுக்காடு. வடிகட்டியுள்ள ஜப்பானிய லாரிகளுக்கு டிஎச்-2. ஏறக்குறைய 1 விழுக்காடு. ஐரோப்பிய வேன்களில் பலவற்றுக்கு ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3, 0.8 விழுக்காடு வரை. எது வேண்டும் என்பது வாகனக் கையேட்டில் இருக்கும். அமெரிக்கத் தரமான ஏபிஐ எஃப்ஏ-4 மெல்லிய எண்ணெய். கையேடு அனுமதிக்காத இஞ்சினில் அதை ஊற்றக்கூடாது.

வடிகட்டி இல்லாத பழைய லாரிக்கு 15டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மைக் குறியீடுள்ள மினரல் (சிந்தெட்டிக் அல்லாத) எண்ணெயே போதும், நேரத்துக்கு மாற்றினால். குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்ற சிந்தெட்டிக்கின் பெருமைக்கு நம் ஊர் வெயிலில் வேலையே இல்லை. இங்கே அதன் பலன், டர்போவின் (இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் சுழலி) பேரிங் சூட்டில் எளிதில் கருகிப் படியாமல் இருப்பதுதான்.

புளோக்குக்கு புளோக் நின்று நின்று பொருள் விநியோகிக்கும் வேன்களில் இன்னொரு தொல்லை. வடிகட்டி கரியை எரிக்கத் தொடங்கும்போது சூட்டை ஏற்றக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும். பாதியில் இஞ்சினை அணைப்பது வாடிக்கையானால், அரைகுறையாக நின்ற வேலை திரும்பத் திரும்பத் தொடங்கும். சிலிண்டர் சுவரில் ஒட்டும் டீசல் வழிந்து எண்ணெயில் கலக்கும். எண்ணெய் பார்க்கும் அளவுகோலில் (டிப்ஸ்டிக்) மட்டம் ஏறும். "எண்ணெய் குறையவே இல்லை, நல்ல வண்டி" என்று மகிழ்பவர்களும் உண்டு! அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் கணக்குப் பாராமல் எண்ணெயையும் எண்ணெய் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். நீர்த்த எண்ணெய் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பேரிங்கைக் காக்காது. எண்ணெய் கறுத்திருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். டீசல் இஞ்சினில் புது எண்ணெயும் சீக்கிரமே கறுக்கும்.

சர்வீஸ் பில்லில் வெறுமனே 'சிந்தெட்டிக்' என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். தரக் குறியீட்டையும் லிட்டர் அளவையும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காக்கி புக்கிட்