வரிதான் போனது, பதிவு அப்படியே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் துப்பாக்கி சைலன்சருக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமானது பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. இனி அதை ஹெட்போன் வாங்குவதுபோல் வாங்கிவிடலாம் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்தது. இங்கு ஹூஸ்டனில் உள்ள தமிழர்கள் சிலர் அதை அப்படியே நம்பிப் பேசுவதால் இந்தக் கடிதம்.

1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம் விதித்த வரி மட்டுமே நீங்கியிருக்கிறது. படிவம் 4 (பெயர்மாற்ற விண்ணப்பம்), கைரேகை, பாஸ்போர்ட் அளவுப் படம், உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல், ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அரசு முகமை) ஒப்புதல் எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. விலை முழுவதையும் கட்டியிருந்தாலும் ஒப்புதல் வரும்வரை பொருள் கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். பதிவில்லாமல் கையில் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை. டெக்சாஸில் தயாரித்து டெக்சாஸிலேயே இருக்கும் சைலன்சருக்கு விலக்கு என்று அந்த மாநிலம் 2021இல் சட்டம் போட்டது உண்மை. ஆனால் கூட்டரசு (மத்திய அரசு) வழக்குப் போட்டால் அந்தச் சட்டம் காப்பாற்றாது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் உள்ளிட்ட 8 மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே முடியாது.

செய்தியில் விட்டுப்போன முக்கியமான விஷயம் விசா. கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் சைலன்சர் தனியாக இருந்தாலும் ‘துப்பாக்கி’தான். எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நம்பி இறங்குமுன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இன்னொன்று: தனி ஒருவர் பெயரில் பதிந்தால், அவர் ஊரில் இல்லாதபோது வீட்டில் மற்றவர் அது இருக்கும் பெட்டகத்தைத் திறக்க முடிகிற நிலையே சிக்கலாகலாம். குடும்பத்தில் இருவர் பயன்படுத்துவதாக இருந்தால் அறக்கட்டளை (டிரஸ்ட்) பெயரில் பதிவதுதான் வழி. அப்போது அதில் பொறுப்பாளராக உள்ள ஒவ்வொருவரும் கைரேகையும் படமும் தர வேண்டும்.

சத்தத்துக்கு வருவோம். சினிமாவில் கேட்கும் ‘ப்ஸ்க்’கை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாந்துபோவார். .308 ரைஃபிள் (எண் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிக்கும்) வாய்முனையில் 165 முதல் 170 டெசிபல் வரை எழுப்பும். நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 35 டெசிபலைக் குறைக்கும். மிச்சம் ஏறத்தாழ 130 முதல் 145. திடீர்ச் சத்தத்துக்கு வேலையிடங்களில் வைத்திருக்கும் உச்ச வரம்பே 140தான். ஆகவே காதுக்கவசத்தைக் கழற்றி வைக்கலாம் என்பது தவறு. குழலிலிருந்து வெளியேறும் வாயுவைத்தான் சைலன்சர் அடக்குகிறது. ஒலியை முந்திப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும் சத்தத்துக்கு அதனிடம் மருந்து இல்லை. .308 குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகிறது. ஒலியின் வேகம் 0 டிகிரியில் 331 மீட்டர், 30 டிகிரியில் 349. கோடையில் அமைதியாகப் போன .22 தோட்டா கடுங்குளிரில் ‘டப்’பென்று வெடிப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடுதான். முதல் சூடு மட்டும் மற்றவற்றைவிட உரக்கக் கேட்டால் பழுது என்று பயப்பட வேண்டாம். சைலன்சருக்குள் தங்கியிருந்த காற்றின் ஆக்சிஜனோடு வெடிமருந்து வாயு சேர்ந்து எரிவதால் வரும் சத்தம் அது.

சைலன்சரைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் விதம். குழலின் மரை துளையோடு ஒரே மையத்தில் இல்லாவிட்டாலோ, மரைக்குப் பின்னுள்ள தோள்பகுதி நேராக இல்லாவிட்டாலோ, அங்கே ஒரு துகள் கரி ஒட்டியிருந்தாலோ, சைலன்சர் இம்மி சாய்ந்து உட்காரும். வாயுவைத் தடுக்க உள்ளே இருக்கும் பாஃபிள் தட்டைக் குண்டு உரசும். மோசமானால் முனைமூடியைப் பிய்த்துக்கொண்டு போகும். தோட்டா எதுவும் இல்லை என்று உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி, அந்தந்தத் துளை அளவுக்கு விற்கும் நேர்க்கம்பியைக் குழலுக்குள் செருகிப் பார்க்க வேண்டும். வெளித்துளையில் கம்பியைச் சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டினால் அன்று சுட வேண்டாம். நசுங்கும் வகை வாஷர் போட்டு இறுக்கவே கூடாது. அது ஒரே சீராக நசுங்காது, சைலன்சரைச் சாய்த்துவிடும். தட்டையான ஷிம் (மெல்லிய உலோக வளையம்) மட்டும் போடலாம்.

மரை பொருந்துகிறது என்பதற்காகச் சைலன்சரும் பொருந்தும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. 1/2-28 மரை (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று) .22இலும் உண்டு, .223இலும் உண்டு, பல 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குழல்களிலும் உண்டு. .22க்கான சைலன்சர் 9 மில்லிமீட்டர் குழலில் அழகாகத் திருகி உட்காரும். பிறகு 9 மில்லிமீட்டர் குண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் துளைக்குள் நுழையப் பார்க்கும். பெட்டகத்தில் ஒவ்வொன்றின்மீதும் அளவை எழுதி ஒட்டி வையுங்கள். சுடும்போது பத்துப் பதினைந்து குண்டுக்கு ஒருமுறை கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெப்பக் கையுறையோடுதான். ஒரு மேகசின் வேகமாகச் சுட்டாலே தொட்ட விரல் கொப்பளித்துவிடும்.

குழல் சாய்ந்து இயங்கும் கைத்துப்பாக்கிகளுக்கு ஸ்பிரிங் உள்ள பூஸ்டர் தேவை. இல்லாவிட்டால் கூடுதல் எடையால் ஸ்லைடு (பின்னால் போய்வரும் மேல்பகுதி) முழுதாகப் பின்வாங்காது. குழல் அசையாத துப்பாக்கியில் அதே ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அசையாத ஸ்பேசர் போட வேண்டும். ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரைஃபிள்களில் வாயு பின்னோக்கித் திரும்பி முகத்தில் அடிக்கும். வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற கேஸ் பிளாக்கும், பின்னடியைத் தாங்கும் பஃபர் கனமாக இருப்பதும் இதைக் குறைக்கும்.

சுத்தம் செய்வதில்தான் இணையத்து அரைகுறை அறிவுரை அதிகம். உயர்அழுத்த ரைஃபிள் சைலன்சரின் உட்புறத்தை அடிக்கடி நோண்ட வேண்டியதில்லை. அதில் கவனம் வேண்டியது மரையும் பூட்டும் இடமும்தான். சுட்டு முடித்ததும் கழற்றி வைக்காவிட்டால் கரி இறுகிக் குழலும் சைலன்சரும் ஒன்றாகிவிடும். .22 வேறு கதை. அதன் குண்டுக்குப் பெரும்பாலும் உறுதியான செப்பு உறை கிடையாது. ஈயமும் மெழுகும் தட்டுகளில் படியும். 300 முதல் 500 குண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யாவிட்டால் தட்டுகள் குழாயோடு பிடித்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போதே கிராமில் எடை போட்டுக் குறித்து வைத்தால், எவ்வளவு படிந்திருக்கிறது என்று தராசே சொல்லிவிடும்.

வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவில் கலந்து அதில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். ஈயம் கரைவது உண்மைதான். ஆனால் அந்தக் கரைசலில் இருப்பது லெட் அசிடேட். கடும் நஞ்சு, தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அலுமினியத் தட்டையும் அது அரித்துத் தின்னும். சமையலறைத் தொட்டியில் ஊற்றுபவர்களைப் பற்றி என்ன சொல்ல! கரைப்பானில் ஊறவைத்து, நைட்ரைல் கையுறை அணிந்து, ஈரம் காயாமல் நைலான் தூரிகையால் தேய்த்தாலே பெரும்பகுதி போய்விடும். காய்ந்த ஈயத்தைச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. கழிவை மூடிய டப்பாவில் சேர்த்து, உள்ளாட்சியின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

தட்டு அடிபட்டால் தயாரிப்பாளருக்குத்தான் அனுப்ப வேண்டும். உதிரித் தட்டு வாங்கி வைத்திருப்பதே பதிவில்லாத சைலன்சர் வைத்திருப்பதாகக் கருதப்படும். துப்பாக்கி கழுவும் கரைப்பானைப் பிடிக்க என்று ‘கரைப்பான் பொறி’ (சால்வென்ட் டிராப்) என்ற பெயரில் மலிவாக விற்கும் குழாய்ப் பெட்டிகளை வாங்கியவர்கள்மீதும் ஏடிஎஃபின் கண் உண்டு.

இந்தியாவில் சத்தத்தையோ நெருப்புப் பொறியையோ குறைக்கும் துணைக்கருவிகள் ஆயுத விதிகளில் தடை வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலிருந்து வெளியே கொண்டுபோகவும் ஏற்றுமதி அனுமதி வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே விமானப் பயணத்துக்கும் எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. மறந்துபோன ஒரு தோட்டாவுக்கே விமான நிலையத்தில் வழக்குப் பதிவாகிறது. சென்னைக்குக் கிளம்புமுன் பையின் எல்லா ஜிப்பையும் திறந்து பாருங்கள்.

ஒரு வாசகர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்