ஆட்டுக்கொட்டாய் தார்பாய்க்கு ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தோண்டிட்டு இருக்குற அகழாய்வுக் குழி அந்தப் பெருமழைல தப்பிச்சிருச்சு. நாலு தாழியும் (அந்தக் காலத்துல செத்தவங்கள வச்சுப் புதைச்ச பெரிய பானைங்க) பத்திரம், ஒண்ணுல மட்டும் வாய்ப்பக்கம் இருந்த விரிசல் கொஞ்சம் கூடியிருக்கு, ஒட்டிக்கலாம். அந்த ராத்திரி நடந்தத திரும்ப எழுதப் போறதில்ல, உங்கள்ல பாதிப் பேரு முழங்கால் தண்ணில என்கூடத்தான் நின்னீங்க.

சட்டி சட்டியா தண்ணி எறைச்ச அக்காமாரு, ஒரு மணிக்கு டிராக்டர பரம்பு மேல, அதான் குழி இருக்குற சரளை மேட்டு மேல ஏத்தி லைட்டடிச்ச அண்ணன், மண் மூட்டை கட்ட உரச்சாக்கு அள்ளிக் குடுத்த கடைக்காரரு, "சுவரு சாஞ்சா யாரும் உள்ள எறங்காதீங்க, தாழி போனா போகுது"ன்னு போன்ல திட்டுன எங்க சாரு, விடியக்காலைல காசு வாங்காம டீ ஊத்துனவரு, எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி.

ஆனா நான் எழுத உக்காந்தது ஒரு ஆச்சிக்காக. பேரு போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ரெண்டு நாள் முன்னாடிதான் அவங்க கெடா ஒண்ணு குழி ஓரத்துல ஏறி மிதிச்சு, நாங்க ஒரு வாரமா கரண்டியால சீவி நேராக்குன சுவரு ஒரு மூலைல பொலபொலன்னு உதிர்ந்துருச்சு. எனக்கு வந்த கோவத்துல வயசுக்குக்கூட மரியாதை குடுக்காம கத்திட்டேன். "இது கவர்மெண்ட் எடம், ஆடு மேய்க்குற எடமில்ல"ன்னு. அவங்க ஒண்ணும் பேசல, கம்ப தரைல ஒரு தட்டு தட்டிட்டு ஆட்ட ஓட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பரம்புல அவங்க அம்மா காலத்துல இருந்து ஆடு மேயுதுன்னு அப்புறமாத்தான் அக்காமாரு சொன்னாங்க.

யோசிச்சா அசிங்கமா இருக்கு. பரம்புல ஏன் தாழி கெடைக்குதுன்னு காலேஜ் பசங்க வந்தா நானே கிளாஸ் எடுக்குறவன். சரளை மேடு, வெள்ளாமைக்கு ஆகாது, அதனால தண்ணி பாயுற நெலத்த விட்டுட்டு செத்தவங்கள மேட்டுல வச்சாங்கன்னு சொல்லுவேன். ஆதிச்சநல்லூர்ல ஜெர்மன்காரரு யாகோர் 1876ல தோண்டுனதும், அப்புறம் தொல்லியல் துறைல இருந்து அலெக்சாண்டர் ரீ வந்து 114 ஏக்கர்னு அளந்ததும் இதே மாதிரி மேடுதான். சிவகளைல தாழிக்குள்ள கெடைச்ச நெல்லுக்கு கிமு 1155ன்னு தேதி வந்துச்சு. கீழ வெளஞ்ச நெல்லு மேல தாழிக்குள்ள. இன்னைக்கும் அதே கணக்குதான், வயல் கீழ, ஆடு மேல. அதுல ஆட்ட மட்டும் வெரட்டணும்னு எனக்கு எப்படித் தோணுச்சோ.

அந்த ராத்திரி நம்ம தார்பாய் ரெண்டும் காத்துல கிழிஞ்சப்புறம் நான் சும்மா நின்னுட்டிருந்தேன். பாதி தோண்டுன தாழிதான் ரொம்ப மோசம், வெளிய பிடிச்சிருந்த மண்ண நாம எடுத்துட்டோம், உள்ள இருக்குற மண்ணு மட்டும் தண்ணி குடிச்சு கனத்து வெளிய தள்ளும், எலும்பு இருந்தா கூழாயிரும். அப்பதான் இருட்டுக்குள்ள இருந்து ஆச்சி வாராங்க, தலைல சுருட்டுன நீலத் தார்பாய், ஆட்டுப்புழுக்கை நாத்தம் குப்புன்னு அடிக்குது. ஆட்டுக்கொட்டாய்க் கூரைய அவுத்துக் கொண்டாந்துருக்காங்க. "ஆச்சி, அப்ப ஆடு?"ன்னேன். "ஏல, ஆடு நனைஞ்சா தொவட்டிக்கிடலாம். பான ஒடஞ்சா என்ன செய்வ? புடி அந்த முனைய"ன்னாங்க. அவ்ளோதான் பேச்சு. ஒரு முனைய நான், ஒரு முனைய அவங்க, மழை நிக்குற வரைக்கும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுன மாவட்டம் இது, மழைன்னா இங்க யாரும் வெளையாட்டா எடுத்துக்க மாட்டாங்க, அப்படியும் வந்தாங்க.

அன்னைக்கு நோட்டுல எழுதுனது "தார்பாய் போட்டு மூடப்பட்டது". யாரு போட்டாங்கன்னு இல்ல. எங்க ரிப்போர்ட் எல்லாமே இப்படித்தான், தானா தோண்டப்பட்டது, தானா மூடப்பட்டது. சிவகளை இரும்புக்கு கிமு 3345ன்னு 2025 ஜனவரில அறிவிச்சப்ப எல்லாரும் அந்தத் தேதியத்தான் பேசுனோம், மண்ணு சுமந்தவங்கள யாரு பேசுனா? நான் எழுதுற குழி நோட்டுல இனிமே அன்னன்னைக்கு வேலை பாத்தவங்க பேரு இருக்கும். ஆச்சி பேரு வேண்டாம்னாங்க, அதனால "ஆடு வளக்குற ஆச்சி"ன்னு அந்தப் பக்கத்துலயே சேத்துட்டேன்.

தாழிக்குள்ள என்ன இருக்குன்னு நெறைய பேரு கேக்குறீங்க, லேப்ல இருந்து வராம வாய தொறக்க மாட்டேன், மன்னிச்சிக்கோங்க.

மறுநாள் ஆச்சிகிட்ட மன்னிப்பு கேக்கப் போனா, குட்டி ஒண்ண மடில வச்சு பழைய சேலையால தொவட்டிட்டு இருந்தாங்க, அது தும்மிட்டே இருந்துச்சு. புதுத் தார்பாய் வாங்கிக் குடுத்தோம். அதுல இப்ப வத்தல் காயுது. ஆட்டுக்கொட்டாய் மேல அந்தப் பழசேதான் கெடக்குது, ஓட்டையோட.